சத்தமில்லாத பட்டறை

பட்டறைத் தரையில் ஒட்டிக் கிடந்த வெல்டிங் பொட்டுகளை அவள் உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் மிளகளவு. கேட், ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைப்பிடி என்று எதையெதையோ பற்றவைத்தபோது உருகித் தெறித்தவை; மிதிபட்டு மிதிபட்டுத் தரையோடு தரையாகிப்போனவை. உளியைச் சாய்த்துப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் பொட்டு எகிறிப் போய் ஷட்டரில் மோதும். குந்தி உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து பாதிப் பட்டறையைக் கடந்திருந்தாள்.

தெருவுக்கே அவள் பட்டறைக்காரி. அவள் புருஷன் பெயின்டர். அவள் வெட்டிப் பற்றவைத்ததை அவர் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே சாயம் பூசுவார். பொம்பளை நெருப்பைப் பிடிக்க, ஆம்பளை பிரஷ்ஷைப் பிடிக்கிறானே என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியும் இங்கேதான் தயாரானது.

"ஏய், போதும் விடு" என்றார் பெயின்டர். "ஆஸ்பத்திரின்னு நெனச்சு எவனாவது ஊசி போட்டுக்க வந்துடப் போறான்."

"வரட்டும். நீங்களே போட்டு விடுங்க. பிரஷ் பிடிக்கற கைதானே."

கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து மகள் கோப்பில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வராத நாட்களில் பட்டறைக்கான இந்த விண்ணப்பத்தை எழுதினாள். ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்கப் பட்டறைகள்தான். லேத், மரவேலை, டிங்கரிங் என்று காலையில் ஆரம்பித்தால் பேச்சே கேட்காது. அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். போன வருஷம் நகரத் திட்ட அலுவலகம் புது வரைபடம் போட்டது. அதில் தெருவுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். மஞ்சள் என்றால் குடியிருப்பு மண்டலம். பட்டறை கூடாது.

மகள் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டியபோது பெயின்டர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கோடு தாண்டி வழிஞ்சிருக்கு பாரு. ப்ரைமர் அடிக்காம அடிச்சிருக்கான்" என்றார்.

ஆனால் விதிவிலக்கு கேட்க வழி இருந்தது. மண்டலம் வகுப்பதற்கு முன்பிருந்தே இடைவிடாமல் நடந்துவரும் தொழில் என்றால் தொடர அனுமதி கோரலாம். மகள் அந்த வரியின் அடியில் கோடு போட்டு வைத்திருந்தாள். பழைய கரண்ட் பில்கள், தொழில் உரிமம், சின்ன வயதில் தான் பாவாடையோடு ஒரு கேட்டின் பக்கத்தில் நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் இணைத்திருந்தாள். நாளைக் காலை ஆய்வாளர் இடத்தைப் பார்க்க வருகிறார்.

எதிர்ப்பு மனு ஒன்றும் வந்திருந்தது. எதிரே இருக்கும் அடுக்குமாடியின் சங்கம் கொடுத்தது. இரும்புத் தூசி, புகை, நாள் முழுக்கக் காதைக் கிழிக்கும் சத்தம், சுகாதாரக் கேடு. மகள் அதை வாய்விட்டுப் படித்தபோது பட்டறைக்காரி மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"சத்தம் வருது, ஒத்துக்கறேன். இரும்பு பேசாம இருக்குமா? ஆனா சுகாதாரக் கேடுன்னு எப்படி எழுதுவான்? தினமும் அவங்க கார் உள்ள போய் வெளிய வர்ற கேட்டு நான் செஞ்சது. அத தொட்டுட்டு வீட்டுக்குப் போய்க் கை கழுவறாங்களாமா?"

அன்றே ஆரம்பித்தாள். பாதி முடிந்த ஜன்னல் கிரில்கள் பின்கட்டுக்குப் போய்த் தார்ப்பாயின் அடியில் ஒளிந்தன. துண்டு இரும்பெல்லாம் சாக்கில் ஏறியது. புகை படிந்த சுவருக்குப் பெயின்டர் வெள்ளை அடித்தார். வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டு நாளைக்கு ஒரு நாள் யாரும் வர வேண்டாம் என்று சொன்னாள். கடைசியில் மெஷின்கள்தான் மிஞ்சின: வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், துளை போடும் மெஷின். துடைத்த துணிதான் கறுத்தது, மெஷின் வெளுக்கவில்லை.

"இரும்மா" என்று மகள் வீட்டுக்குள் போனாள். விடுதியில் இருந்தபோது அவள் வாங்கிய போர்வைகளைக் கொண்டுவந்தாள். வெள்ளையில் ஊதாப் பூ. அவளே உதறி, மூலை இழுத்து, மூன்று மெஷின்களையும் போர்த்தினாள். தள்ளி நின்று பார்த்தார்கள்.

"இப்ப சொல்லச் சொல்லு" என்றாள் பட்டறைக்காரி.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கே வந்தார். சின்ன வயது. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். இதைப் பட்டறைக்காரி கவனித்துப் புருஷனைப் பார்த்தாள். பட்டறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் மனுஷன்.

நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவர் நாடா வைத்து நீள அகலம் அளந்தார், போட்டோ எடுத்தார், போர்வை ஒன்றின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சரியாக விட்டார்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா."

"எப்பவும் இப்படித்தான் சார்" என்றார் பெயின்டர்.

"இப்ப வேலை எதுவும் ஓடலையா?"

"ஒரு சத்தம் கிடையாது சார்" என்றாள் பட்டறைக்காரி. "நீங்களே பாக்கறீங்களே. புகை இல்ல, தூசி இல்ல, ஒண்ணும் இல்ல."

ஆய்வாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போல இருந்தது. பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். மகள் வாசல்வரை போய் வழியனுப்பினாள். அன்று சாயங்காலம் பெயின்டர் மூன்று பேருக்கும் தலா ஒரு குளிர்பானம் வாங்கிவந்தார். பட்டறைக்காரி வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். சாயம் முதுகில் ஒட்டியதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

விசாரணை நகரத் திட்ட அலுவலகத்தின் மாடியில் நடந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் உறுப்பினர்கள், நடுவில் தலைவர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டறைக்காரி துவைத்து மடித்துப் போட்ட புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர்.

அவர்களுக்கு முந்தைய விண்ணப்பம் அதே அடுக்குமாடியைக் கட்டியவருடையது. அனுமதித்த உயரத்துக்கு மேல் ஒரு மாடி கட்டியாகிவிட்டது. அதற்கு விதிவிலக்கு வேண்டும். அவர் எழுந்துகூட நிற்கவில்லை, பாதி எழுந்தார். தலைவர் தாளைப் புரட்டி, "சிறு விலகல்தான். யாருக்காவது ஆட்சேபணை?" என்றார். பெயின்டர் இருமினார். அது இருமல்தான் என்று தெரிந்ததும் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

"மாடி கட்டறப்ப இங்க சத்தமே வரல பாரு. பஞ்சுல கட்டினாங்களோ என்னவோ" என்று பெயின்டர் மகள் காதில் சொன்னார்.

"சும்மா இருப்பா."

அடுத்தது பட்டறை. ஒரு பணியாளர் விளக்கை அணைத்தார். ஆய்வாளர் எடுத்த போட்டோக்கள் சுவரில் பெரிதாக விழுந்தன. வெள்ளைச் சுவர். பளபளக்கும் தரை. பூப்போட்ட மூன்று போர்வைகள். அறிக்கையை ஒருவர் படித்தார்: இயந்திரங்கள் போர்த்தி வைக்கப்பட்டுள்ளன. மூலப்பொருளோ முடிக்கப்பட்ட பொருளோ காணப்படவில்லை. வளாகத்தில் தொழில் நடப்பதற்கான அறிகுறி இல்லை. வேலை எதுவும் இல்லை என்று உரிமையாளரே தெரிவித்தார்.

மகள் அந்தப் போர்வைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"சங்கத்து மனுவுல சுகாதாரக் கேடுன்னு எழுதினாங்க, அதனால சுத்தம் பண்ணோம். ஒரு நாள் நிறுத்தினோம். முந்தின நாள் வரைக்கும் வேலை நடந்தது, மறுநாளும் நடந்தது."

"முன்னாடி நடந்ததுக்கு ஆதாரம் குடுத்திருக்கீங்கம்மா, நாங்க இல்லைன்னு சொல்லல" என்றார் தலைவர். "இப்ப நடக்குதாங்கறதுதான் கேள்வி. பார்வையிட்ட அன்னைக்கு இருந்த நிலைமையத்தான் நாங்க எடுத்துக்க முடியும்."

"அப்ப இவங்க மனு? நாள் முழுக்கச் சத்தம்னு எழுதியிருக்காங்க. தொழில் இல்லைன்னா சத்தம் எங்கேருந்து வந்தது?"

"மனு வேற, அறிக்கை வேற."

"ரெண்டும் ஒரே பட்டறையப் பத்தித்தானே சார். சத்தம் வந்தா தொந்தரவு, சத்தம் வரலைன்னா தொழிலே இல்ல. எந்த அளவுல சத்தம் வந்தா எங்களுக்கு விதிவிலக்கு கிடைக்கும்? அத சொல்லுங்க, அந்த அளவுல தட்டறோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் பட்டறைக்காரியைப் பார்த்தார்.

"ஒரு சத்தம் கிடையாதுன்னு நீங்க சொன்னீங்களாம்மா?"

மகள் தாயின் கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அறிக்கையில் சந்தேகம் வந்துவிடும், மறுபடியும் பார்க்க வருவார்கள். அந்தக் கையைப் பட்டறைக்காரி மெதுவாக விலக்கினாள்.

"சொன்னேன். நான் சொன்னத சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பையனும் பொய் எழுதல. ஆனா எதுக்கு நிறுத்தினேன்னு அவர் கேக்கல, நானும் சொல்லத் தெரியாம நின்னுட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டித்தான் வைப்போம். நீங்க குப்பையோட வைப்பீங்களா?"

தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார். எதிர்ப்பு மனு ஏற்கப்பட்டது. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் படியிறங்கினார்கள். கீழே வந்ததும் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"போர்வைய நான்தான் கொண்டுவந்தேன். அந்த வரிக்கு அடியில கோடு போட்டதும் நான்தான். படிச்சு என்ன புண்ணியம்."

"பேசாம இரு" என்றாள் தாய். "நான் உளியெடுத்தப்ப நீ வேணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனாக்கும். அந்த எடத்துல நின்னு நீ கேட்டியே ஒரு கேள்வி, அவர்கிட்ட பதில் இருந்துதா? எனக்கு அது போதும்."

"அந்த மைக்கே சூடாயிடுச்சு" என்றார் பெயின்டர்.

"மைக்கே இல்லப்பா அங்க."

"அதான் சொல்றேன். இல்லாத மைக்கே சூடாயிடுச்சு."

மேல்முறையீடு போடலாம் என்று மகள் சொன்னாள். பட்டறைக்காரி செருப்பில் காலை நுழைத்தாள். "போடு. இந்தத் தடவ கூட்ட மாட்டேன்."

ஆனால் மறுவாரம் ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த வளாகத்தில் இயந்திரங்களை இயக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் அகற்ற வேண்டும். மேல்முறையீட்டுக்கும் தொழில் நடந்துகொண்டிருக்க வேண்டும், நடத்தினால் நோட்டீஸை மீறியதாகும். மகள் இதை இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வந்தபோது, "புரிஞ்சுதும்மா, தலைய வலிக்குது" என்றார் பெயின்டர். பின்கட்டில் தார்ப்பாயின் அடியில் அந்த ஜன்னல் கிரில்கள் அப்படியே கிடந்தன.

அன்று சாயங்காலம் எதிர்ப்பக்கம் பெரிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடுக்குமாடி வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"அக்கா, தண்ணி லாரி பின்னால வந்து கேட்ட இடிச்சிட்டான். மேல்கீல் பிச்சுக்கிட்டு குறுக்கால தொங்குது. ஒரு கார் உள்ள போக முடியல, வெளிய வர முடியல. கொஞ்சம் வாங்கக்கா."

"பட்டறை மூடியாச்சுப்பா. ஷட்டர்ல ஒட்டியிருக்கு, படி."

"எனக்கு எங்கக்கா படிக்கத் தெரியும்."

"அப்ப படிச்சவர வரச் சொல்லு."

தெருவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க ஆரம்பித்தன. ஹாரன்கள் கேட்டன. செயலாளர் வந்தார். நோட்டீஸ் ஒட்டிய ஷட்டர் பாதி இறங்கியிருந்ததால் குனிந்து நுழைய வேண்டியிருந்தது.

"அம்மா, கொஞ்சம் அவசரம். வேற யாரும் இந்த நேரத்துக்குக் கிடைக்கல."

"எங்க பட்டறையில தொழில் நடக்கலைங்களே. ஆபீசே சொல்லிடுச்சு."

"இங்க வேணாம்மா. மெஷின அங்க கொண்டுவந்துடுங்க. எங்க கரண்ட்லயே போட்டுக்கலாம்."

"சத்தம் வருமே சார்" என்றாள் மகள். "புகை வேற வரும். சுகாதாரக் கேடு."

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லம்மா. நம்ம கேட்டுதானே."

"நீங்க இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுக்கறீங்களா?"

செயலாளர் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பட்டறைக்காரியும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டின் ஒரு கதவு தோள் இறங்கிய ஆள் மாதிரி சாய்ந்து நின்றது. அவள் எழுந்து, நோட்டீஸுக்குப் பிறகு வெல்டிங் மெஷினை மறுபடி போர்த்தியிருந்த போர்வையை உருவி மடித்து மகளிடம் கொடுத்தாள்.

"போகாதம்மா" என்றாள் மகள். "நமக்கு மானம் இருக்கா இல்லையா?"

"அதுக்குத்தான் போறேன். அது என் கேட்டு. லாரிக்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான், நாளைக்குப் பாக்கறவன் லாரியவா சொல்லுவான்? பட்டறைக்காரி வச்ச கீலு நிக்கலைன்னுதான் சொல்லுவான். நான் செஞ்சது எதுவும் இந்தத் தெருவுல கோணலா நிக்காது. நோட்டீஸ் ஒட்டினாலும் நிக்காது." பிறகு செயலாளரிடம், "கேட்டத் தூக்கிப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். ஒண்ணு என் பொண்ணு. இன்னொண்ணு நீங்க" என்றாள்.

"நானா?"

"உங்க கேட்டுதானே."

பெயின்டர் மெஷினை உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். கார்களுக்கு நடுவே போகும்போது ஒரு கையை உயர்த்தி வழி கேட்டார்; ஹாரன்கள் நின்றன. அதற்குள் வெளிச்சம் மங்கியிருந்தது. அடுக்குமாடியின் வாசலில் ஒயர் இழுத்து, நெளிந்த தகட்டைச் சுத்தியால் அடித்து நேராக்கினாள். அடி ஒவ்வொன்றும் நாலு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. கிரைண்டரை ஓட்டிப் பழைய வெல்டிங்கைச் சீவினாள். பொறிகள் கழுவிவிட்ட தரையில் உருண்டு ஓடின. மேலே ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒரு ஜன்னலும் மூடவில்லை.

"தூக்குங்க. இன்னும். சார், இடுப்பக் குடுத்துத் தூக்குங்க, காகிதத்தத் தூக்கற மாதிரி தூக்காதீங்க. ஆங். அசையக் கூடாது."

ஒரு பக்கம் மகள் தோளைக் கொடுத்தாள். மறுபக்கம் செயலாளர் இரண்டு கையாலும் கேட்டைக் கட்டிப்பிடித்து நின்றார். சட்டையில் துரு ஒட்டியிருந்தது.

"கண்ண மூடிக்குங்க சார். தெறக்கச் சொல்ற வரைக்கும் தெறக்காதீங்க."

அவர் இறுக்கி மூடிக்கொண்டார். பட்டறைக்காரி முகக்கண்ணாடியைத் தாழ்த்தி, கீல் இருந்த இடத்தில் வெல்டிங் ராடை உரசினாள். நெருப்பு பிடித்தது. கண் கூசாமலிருக்க மகள் தெருவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருட்டிக்கொண்டிருந்த எதிர்ச்சாரியில் அந்த வெளிச்சம் பட்டுப் பட்டறை ஷட்டர் நீலமாக எழுந்து நின்றது. அதில் ஒட்டிய தாளின் எழுத்துகள் இங்கிருந்தே படிக்கும்படி தெரிந்தன. ராடு நின்றபோது மறைந்தன. அம்மா மறுபடி பற்றவைத்தாள், மறுபடி தெரிந்தன.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.